பூமாலை தலையில் ஒட்டாத மிஷின்

வாய்க்காலில் வீசிவிடத்தான் பூமாலை அந்த மிஷினை எடுத்துப் போனாள் என்று சொல்கிறவர்கள் முதலில் இந்த ஒன்றுக்குப் பதில் சொல்லட்டும். வீசப் போகிறவள் எதற்காக அதை ரிப்பன் போட்டுத் தன் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொள்வாள்? அதுவும் ரெண்டு முடிச்சு. குஞ்சம்மாள் இட்லிக் கடையில் குந்திக்கொண்டு ஆளுக்கு ஒரு கதை கட்டுகிறார்கள். விற்கப் போனாள் என்கிறாள் ஒருத்தி. குழந்தையையே தண்ணீரில் தள்ளப் பார்த்தாள் என்கிறாள் இன்னொருத்தி. அன்றைக்கு அந்தக் குழந்தை வீட்டுக்குள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. எழுந்து அழுதபோது தெருவே எட்டிப் பார்த்தது. பார்த்துவிட்டு வந்த வாய்தான் இப்படியும் பேசுகிறது.

பொறாமை இருந்தது. அதை யாரும் மறைக்க வேண்டியதில்லை. பூமாலைக்கு வயிறு முழுக்கப் பொறாமை இருந்தது. ஆனால் பொறாமை வேறே, கேடு நினைப்பது வேறே. அவளுக்கு இருந்தது எந்த மாதிரிப் பொறாமை என்று முழுசாகக் கேட்டுவிட்டு, அப்புறம் இட்லியைத் தின்னுங்கள்.

கச்சிராயபாளையத்தில் கோமுகி அணைக்குப் போகிற ரோட்டோரம் காசிநாதன் வீடு. கரும்பு வெட்டுகிறவன். அவனோடு பிறந்த ஒரே தங்கச்சி பூமாலை. பிறவியிலேயே அவளுக்குக் காது கேட்காது, அதனால் வாயும் வரவில்லை. சொந்தத்திலேயே கொடுத்து சொந்தத்திலேயே எடுக்கிற குடும்பம் அது. அவர்களுடைய அம்மா ராஜாம்பாள் தாய்மாமனையே கட்டியவள். மகனுக்கும் தன் தம்பி மகள் அருள்மொழியையே கொண்டுவந்தாள். நிலம் வெளியே போகக் கூடாது என்று சொந்தத்தில் கொடுப்பவர்கள் உண்டு. இவர்களுக்கு நிலமே கிடையாது, ஆனாலும் அப்படித்தான் கொடுத்தார்கள்.

பூமாலைக்குப் பத்து வயது இருக்கும்போது, இது விழுப்புரம் ஜில்லாவாக இருந்த காலம், கள்ளக்குறிச்சியில் முகாம் போட்டு அவளுக்கு ஒரு மிஷின் கொடுத்தார்கள். நெஞ்சில் தொங்கவிடுகிற பெட்டி. அதிலிருந்து ஒயர் காதுக்குப் போகும். போட்டுக்கொண்டு தெருவில் அவள் நடந்த நடையை இன்றைக்கும் சிலர் சொல்வார்கள். புதுத்தாலி கட்டியவள் கூட அப்படி நெஞ்சை நிமிர்த்தி நடந்ததில்லை. பேச்சு எதுவும் புரியவில்லை. ஆனால் லாரி வந்தால் ஏதோ வருகிறது என்று தெரிந்தது. ஒரு மாசத்தில் அதிலிருந்த செல் தீர்ந்துபோனது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அம்மாவிடம் நீட்டினாள், அப்பாவிடம் நீட்டினாள், அண்ணனிடம் நீட்டினாள். டார்ச் லைட்டுக்குப் போடுகிற சின்ன செல்தான், ரோட்டுக் கடையிலேயே கிடைக்கும். இன்றைக்கு நாளைக்கு என்று சொல்லிச் சொல்லியே விட்டுவிட்டார்கள். பெட்டி பரணில் கிடந்து எலி ஒயரைக் கடித்தது. அப்போது அவள் அழவில்லை. அந்த அழுகையை உள்ளே எங்கேயோ எடுத்து வைத்திருந்தாள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

அதற்கப்புறம் அவள் வேலைக்காரியாக வளர்ந்தாள். கரும்புச் சோகையை முறுக்கி அவள் போடுகிற கட்டு, லாரியில் ஏற்றி ஆலையில் இறக்கும்வரை நெகிழாது. ஊர்க்கதை பேசாததால் வேலை சீக்கிரம் ஆகிறது என்று மேஸ்திரி அவளை முதல் ஆளாகக் கூப்பிடுவார். ரெண்டு தடவை மாப்பிள்ளை வீட்டார் வந்து காபி குடித்துவிட்டுப் போனார்கள். அப்பாவும் ராஜாம்பாளும் அடுத்தடுத்துச் செத்துப்போன பிறகு அதுவும் நின்றது. பேசுவதற்கு அந்த வீட்டில் அவளுக்கு ஆள் கிடையாது. சாப்பிட்டாயா, வேலைக்குப் போகலாம், விறகு கொண்டுவா. இதற்குத்தான் அண்ணனுக்கும் அண்ணிக்கும் கைஜாடை தெரியும்.

அண்ணன் மகள் தர்ஷினி பிறந்தது அப்போதுதான்.

அந்தக் குழந்தைக்குக் காது கேட்காது என்பது ஐந்தாம் மாசத்திலேயே பூமாலைக்குத் தெரியும். மற்ற குழந்தைகளின் கண்ணை அவள் பார்த்திருக்கிறாள். ஆள் வருவதற்கு முன்னாலேயே அந்தக் கண் வாசலுக்கு ஓடிவிடும். தர்ஷினியின் கண் அப்படி ஓடவில்லை. ஆளோ நிழலோ எதிரே வந்த பிறகுதான் திரும்பியது. பூமாலையின் கண்ணும் அப்படிப்பட்டதுதான். தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாள் முழுக்க அதைப் பார்த்தாள். உறுதியான பிறகு யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேலே மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு சந்தோஷப்பட்டாள். பின்னால் அவளே கையால் ஒத்துக்கொண்டதுதான் இது.

அது தப்பா என்றால் தப்புதான். சின்ன தப்பு கூட இல்லை. ஆனால் இருபத்தாறு வருஷம் தன்னந்தனியாக ஒரு பாஷை வைத்திருந்தவளுக்கு ரெண்டாவது ஆள் வந்தது. உங்களுக்கு வந்திருந்தால் தெரியும்.

ஒன்றரை வயதுக்குள் ரெண்டு பேருக்கும் கையாலேயே ஒரு ஊர் உண்டாகிவிட்டது. உள்ளங்கையை அலை மாதிரி ஆட்டிச் சட்டென்று நிறுத்தினால் அணை. ரெண்டு முழங்கையையும் குலுக்கினால் டவுன் பஸ். கன்னத்தை உப்பிக்கொண்டு கரண்டியைச் சுற்றினால் குஞ்சம்மாள், அதைப் பார்த்தால் குஞ்சம்மாளுக்கே சிரிப்பு வரும். காதுக்குப் பின்னால் ரெண்டு விரலை வைத்துப் பூ சொருகிக் காட்டினால் அத்தை. பூமாலை காலையில் கரும்புக்குப் போகும்போது குழந்தை வாசல் வரைக்கும் தவழ்ந்துவந்து காதுக்குப் பின்னால் விரலை வைக்கும். சாயந்திரம் அவள் தலை தெரிந்தாலும் வைக்கும்.

பெற்றவளுக்கு எப்படி இருந்திருக்கும்? அருள்மொழி குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு அழுதிருக்கிறாள்.

"பெத்தவ நானு. என்னைப் பாத்தா முழிச்சிக்கினு நிக்குது. அவளைப் பாத்தா கையை ஆட்டிக்கினு கதை சொல்லுது. அது யாரு புள்ளைன்னே தெரியல எனக்கு."

ஆக, பொறாமை அந்த வீட்டில் முதலில் யாருக்கு வந்தது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கள்ளக்குறிச்சி தனி ஜில்லா ஆன சமயம், அங்கன்வாடிக்கு வந்த டாக்டரம்மா குழந்தைக்குப் பின்னால் தட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கண்டுபிடித்தார். காசிநாதன் அன்றைக்குச் சோறு தின்னவில்லை. டாக்டரம்மா தைரியம் சொன்னார். ஆறு வயதுக்குள் இருந்தால் சர்க்காரே இன்சூரன்ஸில் ஆபரேஷன் செய்து மிஷின் வைத்துவிடும், லட்சக்கணக்கில் ஆகிற மிஷின், ஒரு பைசா கொடுக்க வேண்டாம், வருமானச் சான்று மட்டும் வாங்கி வாருங்கள் என்றார். காசிநாதன் வி.ஏ.ஓ. ஆபீசுக்கு நடையாய் நடந்தான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடவே போனது பூமாலைதான். வரிசையில் நின்றாள். அண்ணன் பேப்பர் கொடுத்ததைப் பார்த்தாள். ஆபீசர் முத்திரை குத்தியதைப் பார்த்தாள். எதற்கு என்று தெரியாது.

தை மாசம் சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். அண்ணனும் அண்ணியும் போனார்கள், ஆடு மாட்டைப் பார்த்துக்கொண்டு அவள் வீட்டில் இருந்தாள். குழந்தை பாதித் தலை மழித்து, காதுக்குப் பின்னால் தையலோடு வந்தது. கட்டி எடுத்திருக்கிறார்கள் என்று பூமாலை நினைத்துக்கொண்டாள். மறுபடியும் மூன்று வாரம் கழித்துப் போய் வந்தார்கள். இந்தத் தடவை குழந்தையின் காதுமேல் கொக்கி மாதிரி ஒன்று உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து ஒரு ஒயர், ஒயர் நுனியில் பத்து ரூபாய் காசு அளவு ஒரு வட்டம். அந்த வட்டம் தலையில் தானாகவே ஒட்டிக்கொண்டது. எடுத்தால் வந்தது, வைத்தால் ஒட்டியது.

தோலுக்கு உள்ளே இன்னொரு பாதி மிஷின் காந்தத்தோடு இருக்கிறது, அது இழுத்துத்தான் இது நிற்கிறது என்று டாக்டர் காசிநாதனுக்குப் படம் போட்டுக் காட்டினாராம். பூமாலைக்கு யார் படம் போட்டார்கள்?

அவளுக்குத் தெரிந்தது வெளியே இருப்பது மட்டும்தான். அதற்கு அந்த வீட்டில் நடந்த உபசாரத்தையும் பார்த்தாள். படுக்கும்போது கழற்றி, துணியால் துடைத்து, ஈரம் உறிஞ்சுகிற மணி போட்ட டப்பாவில் வைப்பார்கள். செல் தீருவதற்கு முன்னாலேயே அடுத்த செல் வந்துவிடும். மழை பெய்தால் காசிநாதன் தன் தலையை விட்டுவிட்டுக் குழந்தையின் காதுமேல் துண்டைப் போடுவான். அப்போதுதான் பரணில் கிடந்த பெட்டி அவள் மனசில் இறங்கிவந்தது. ஒரு நாள் அதை எடுத்துத் தூசி தட்டி, அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டுப் போனாள். அவன் அதைப் பார்த்தான், சோற்றைப் பிசைந்தான்.

பிறகு கொரோனா வந்தது. ஊரே வாயை மூடிக்கொண்டது. பூமாலை பாதிப் பேச்சை உதட்டைப் பார்த்துப் பிடிக்கிறவள், அதுவும் போனது. கடைக்குப் போனால் கண் மட்டும் இருக்கிற ஜனங்கள். வீட்டுக்குள்ளாவது வாயைப் பார்க்கலாம் என்றால், பேச்சு சொல்லித்தரும் டீச்சர் போனில் அருள்மொழிக்கு ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். குழந்தை காதை நம்பிப் பழக வேண்டும், அதனால் கையைக் காட்டாதீர்கள், வாயையும் மறைத்துக்கொண்டு பேசுங்கள், சத்தத்தை வைத்தே பிடிக்கட்டும். குழந்தைக்கு நல்லது என்றுதான் அவர் சொன்னார். அருள்மொழி அதை மாரியம்மனுக்குக் காப்புக் கட்டின மாதிரிப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அது டீச்சர் பேச்சு மட்டும் இல்லை. பிள்ளையைத் திருப்பி வாங்குகிற வழி.

"உன் தங்கச்சி கையை அடக்கச் சொல்லு. அந்தக் கை ஆடுற வரைக்கும் என் புள்ளைக்கு வாய் வராது" என்று புருஷனிடம் சொன்னாள்.

காசிநாதன் தங்கச்சியைக் கூப்பிட்டு, அவள் ரெண்டு கையையும் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கிவிட்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவ்வளவுதான் அவனால் சொல்ல முடிந்தது.

அப்போதும் அவள் திருட்டுத்தனமாகப் பேசினாள். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், துணி காயப்போடும்போது சேலைக்கு நடுவில் நின்று. குழந்தையும் வந்தது. ஆனால் முன்னே மாதிரி இல்லை. பூமாலை அணையைக் காட்டி, மீனைக் காட்டி, மீன்காரனின் தொப்பையைக் காட்டப் போவாள். பாதியிலேயே குழந்தையின் தலை அந்தப் பக்கம் திரும்பிவிடும். என்னவென்று இவள் பார்ப்பாள். ஒன்றும் இருக்காது. ஒரு காக்கா இருக்கும். தூரத்தில் உப்பு வண்டிக்காரன் வந்துகொண்டிருப்பான். ஒரு நாள் ஓட்டில் விழுந்த புளியங்காய்க்குத் திரும்பிற்று.

காக்காமேல் பொறாமைப்பட்ட மனுஷி உலகத்தில் உண்டா? பூமாலை பட்டாள். கல்லை எடுத்து அடித்தாள். உப்பு வண்டிக்காரனை முறைத்தாள், அவன் என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் ஒரு படி உப்பு கூடப் போட்டுவிட்டுப் போனான். இன்னொன்றும் நடந்தது. காலையில் எழுந்ததும் குழந்தை காதுக்குப் பின்னால் விரலை வைத்தது. பூமாலை முகம் மலர்ந்து ஓடிவந்தாள். குழந்தை அவளைத் தாண்டிப் போய் டப்பாவைக் காட்டியது. மிஷினை மாட்டிவிடு என்று கேட்கிறது. அன்றையிலிருந்து பூமாலை தலையில் பூ வைக்கவில்லை.

கார்த்திகை மாசம் அந்த மனு விவகாரம் வந்தது. தங்கள் சாதிக்குப் படிப்பிலும் உத்தியோகத்திலும் தனி இட ஒதுக்கீடு வேண்டும் என்று ஊருக்கு ஊர் வி.ஏ.ஓ. ஆபீசில் கூட்டமாகப் போய் மனு கொடுத்த நாள். மேலத்தெரு வேடியப்பன் ரெண்டு நாளாகவே கட்டுக்கட்டாக அச்சடித்த மனுவோடு வீடு வீடாக ஏறி இறங்கினான். பூமாலைக்கு அந்தச் சங்கதி எதுவும் காதில் விழ வழியில்லை. அவள் கண்டது இவ்வளவுதான்: ஊர் ஜனமே கையில் பேப்பரோடு அதே ஆபீசுக்குப் போகிறது. தர்ஷினிக்காக அண்ணன் பேப்பர் கொடுத்த ஆபீஸ். அங்கே பேப்பர் கொடுத்தால் மிஷின் வரும்.

பெட்டியிலிருந்து நல்ல சேலையை எடுத்துக் கட்டினாள். மிஷின் மாட்டிய தர்ஷினியின் போட்டோவை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். எட்டு மணிக்கெல்லாம் வரிசையில் போய் நின்றாள். கோஷம் போடுகிறார்கள், கை தூக்குகிறார்கள், இவளும் தூக்கினாள். அவள் முறை வந்தபோது வேடியப்பன் பேப்பரை நீட்டினான். மூன்று வருஷம் பள்ளிக்கூடத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து அவள் கற்றது தன் பேர் ஒன்றுதான். அதைப் பெரிசாக எழுதினாள். போட்டோவைக் காட்டினாள். தன் காதைத் தொட்டு, எனக்கும், என்று நெஞ்சைத் தொட்டாள். வேடியப்பனுக்கு ஆயிரம் வேலை, முகத்தில் மாஸ்க் வேறே. எல்லாருக்கும் கிடைக்கும் என்று தலையைப் பலமாக ஆட்டிவிட்டு அடுத்த ஆளுக்குப் பேப்பரை நீட்டினான். அந்தத் தலையாட்டலை அவள் வீடு வரைக்கும் பத்திரமாகக் கொண்டுவந்தாள்.

சாயந்திரம் தெருவே சிரித்தது. "கேட்டீங்களா, பூமாலைக்கு உத்தியோகத்துல எடம் ஒதுக்கணுமாம். மனு குடுத்துட்டு வந்துக்குது. நாளைக்கு நம்மளுக்கு அதுதான் தாசில்தாரு, எழுந்து நின்னு வணக்கம் வைங்கடி" என்றாள் குஞ்சம்மாள். யாரும் பூமாலைக்கு எடுத்துச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? இட ஒதுக்கீட்டுக்கு எந்தக் கையை ஆட்டுவது?

அவள் காத்திருக்க ஆரம்பித்தாள். தபால்காரர் சைக்கிள் தெரிந்தால் வாசலுக்கு வருவாள். ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவி, வெயிலில் ரெண்டு நாள் காயவைத்து, அடியில் ஒரு பிடி அரிசி போட்டு, தர்ஷினியின் டப்பாவுக்குப் பக்கத்திலேயே வைத்தாள். அருள்மொழி அதைப் பார்த்து, எதுக்கு இந்த அரிசி என்று பானையில் கொட்டப் போனாள். பூமாலை அதை அவள் கையிலிருந்து பிடுங்கினாள். அப்போதுதான் காசிநாதனுக்கு அந்தப் பாட்டில் என்னவென்று புரிந்தது. அவன் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறவன் மாதிரி வெளியே போய்விட்டான்.

தை பிறந்ததும் அவளைக் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போனான். காது கேட்காதவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் முகாம். மிஷின் அங்கேதான் கொடுக்கப் போகிறார்கள் என்று அவள் பாட்டிலைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டாள். டாக்டர் பரிசோதித்துவிட்டு, குழந்தைக்கு வைத்தது இவர்களுக்கு வைக்க முடியாது, சர்க்கார் கொடுப்பது ஆறு வயதுக்குள்தான், அதுவும் போக இத்தனை வருஷம் கேட்காத காதுக்கு இனிமேல் அது பேச்சாகக் கேட்காது என்றார். இதை அவளுக்குச் சொல்ல வேண்டியது காசிநாதன். அவன் முழங்காலுக்கு நேராக உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினான். இவ்வளவு உயரம் இருக்கிறவர்களுக்குத்தான். பூமாலை அந்தக் கையை ஓங்கி அடித்தாள். முகாமில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், அதாவது காது கேட்டவர்கள்.

காதுமேல் மாட்டுகிற ஒரு சாதா மிஷின் கொடுத்தார்கள். மாட்டிப் பார்த்தாள். உரலில் யாரோ இடிக்கிற மாதிரி தொம் தொம் என்று ஏதோ. நாலு நாள் மாட்டிக்கொண்டாள், அப்புறம் கழற்றி அரிசிப் பாட்டிலில் போட்டாள்.

முகாமில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அடித்துவிட்டு மூலையில் போய் நின்றவள் முன்னால் ஒரு பெண் வந்து நின்றது. கல்வராயன் மலையில் கரியாலூர்க்காரி, பேர் செவ்வந்தி. அதற்கும் காது கேட்காது. காது கேளாதவர்கள் பள்ளியில் படித்து, ஆத்தூர்ப் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் வேலை செய்துகொண்டு, ஹாஸ்டலில் இருக்கிறது. அதன் கை போன வேகத்துக்குப் பூமாலையால் ஈடு கொடுக்க முடியவில்லை. நாலில் ஒன்றுதான் புரிந்தது. ஆனால் அந்தக் கை இவளுடைய கை மாதிரி நின்று நின்று தேடவில்லை. கம்பெனியில் தன்னைப் போல ஒன்பது பேர் என்று விரலை மடக்கிக் காட்டியது. வாயேன் என்றது. போன் நம்பரைப் பூமாலையின் உள்ளங்கையில் பேனாவால் எழுதியது. வீட்டுக்கு வந்து அடுப்புக்கரியால் அந்த நம்பரை அப்படியே சுவரில் வரைந்து வைத்தாள். போக வேண்டும் என்று நினைத்து வரையவில்லை. குழந்தை இருக்கும்போது அவள் எங்கே போவாள்?

இப்போது அந்த நாளுக்கு வரலாம்.

மாசியில் அணையிலிருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் விட்டிருந்தார்கள். அருள்மொழி குழந்தையை மதகுக்குக் கூட்டிப்போய், தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்க வைத்தாள். டீச்சர் சொல்லியிருந்தார். குழந்தை ரெண்டு காதையும் பொத்துவதும் எடுப்பதுமாகக் குதித்துச் சிரித்தது. பின்னாலேயே புல்லுக்கட்டோடு வந்த பூமாலை கரைமேல் நின்று அதைப் பார்த்தாள். தன்னோடு இருந்தபோது இப்படி அது சிரித்ததே இல்லை. மதகைப் பார்த்தாள். தண்ணீர் விழுகிறது, அவ்வளவுதான். தினமும் விழுவதுதான். அதில் அப்படி என்ன இருக்கிறது?

மறுநாள் மத்தியானம் குழந்தை சாப்பிட்டுத் தூங்கியது. மிஷின் டப்பாவில் இருந்தது. அருள்மொழி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். பூமாலை அதை எடுத்தாள். வட்டத்தைத் தன் தலையில் வைத்தாள், விழுந்தது. முடியை விலக்கி வைத்தாள், விழுந்தது. எண்ணெயைத் துடைத்துவிட்டு வைத்தாள். குழந்தைக்கு ஒட்டுகிறது, தனக்கு ஒட்ட மாட்டேன் என்கிறது. மிஷின் கூட ஆள் பார்க்கிறது என்று அவளுக்குத் தோன்றியிருக்கும். தர்ஷினியின் சிவப்பு ரிப்பனை எடுத்து, மிஷினையும் வட்டத்தையும் சேர்த்துத் தலையைச் சுற்றிக் கட்டினாள். அதில் சின்னதாக ஒரு விளக்கு மினுக் மினுக் என்றது. வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டாள். நேராக மதகுக்கு நடந்தாள்.

ஒரு மணி நேரம் நின்றாள். கரையின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம். குழந்தை செய்த மாதிரியே காதைப் பொத்திப் பார்த்தாள், எடுத்துப் பார்த்தாள். தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஒன்றும் வரவில்லை.

அதற்குள் வீட்டில் குழந்தை எழுந்து மிஷின் இல்லாமல் அழ, அருள்மொழி தலையில் அடித்துக்கொள்ள, தெரு திரண்டு ஓடியது. முன்னால் ஓடிவந்தவன் காசிநாதன். அடித்தான் என்கிறார்கள். அடிக்கவில்லை. ரிப்பனை அவிழ்த்தான். மிஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், தண்ணீர் பட்டிருக்கிறதா, கீறல் இருக்கிறதா என்று. சட்டைத் துணியால் துடைத்தான். ஊதினான். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் தலையைத் தூக்கித் தங்கச்சியைப் பார்த்தான். அடித்திருந்தால் அவள் அந்த வீட்டிலேயே இருந்திருப்பாள். முதலில் மிஷின், அப்புறம் தங்கச்சி என்கிற அந்த வரிசைதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அன்றைக்கே மிஷின் டப்பா டிரங்குப் பெட்டிக்குள் போனது. சாவி அருள்மொழியின் இடுப்புக்குப் போனது. குஞ்சம்மாள் கடையில் கதை பிறந்தது. பூமாலை மறுநாள் வழக்கம்போலக் கரும்புக்குப் போனாள், வந்தாள், சோறு தின்றாள். பத்து நாள் அப்படி. கையை ஒரு தடவை கூட ஆட்டவில்லை. திருட்டுத்தனமாகக்கூட இல்லை. குழந்தை ரெண்டொரு தடவை கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியது. பதினோராம் நாள் சுவரில் இருந்த நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போய் மேஸ்திரியிடம் காட்டி, வீடியோ போட்டுத் தரச் சொன்னாள். அந்தப் பக்கம் செவ்வந்தியின் முகம் வந்தது. மேஸ்திரி போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, ரெண்டு பேரும் அரை மணி நேரம் கையாலேயே பேசினார்கள். இந்தப் பொம்பளை இத்தனை பேச்சு வைத்திருந்ததா என்று மேஸ்திரி இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பங்குனியில் ஒரு திங்கட்கிழமை, செவ்வந்தியின் கம்பெனிக்கு என்று காலை டவுன் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். காசிநாதன் கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அருள்மொழி புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, "நான் ஒண்ணும் உன்னைப் போவச் சொல்லல" என்றாள். பூமாலை அவள் வாயைப் பார்த்தாள். மாஸ்க் இல்லை, புரிந்தது. சோற்றை வாங்கிப் பையில் வைத்தாள். பழைய பெட்டியையும் எடுக்கவில்லை, அரிசிப் பாட்டிலையும் எடுக்கவில்லை.

குழந்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியில் நின்றது. மிஷின் மாட்டியிருந்தது. தெருவில் நாலு வீட்டுப் பெண்கள் கோலமாவை வைத்துக்கொண்டு நின்றார்கள். எல்லாரும் கேட்டார்கள்.

"அத்தே, எங்க போற?"

கொஞ்சம் மழலையாகத்தான் வந்தது. ஆனால் மூன்று வார்த்தையைச் சேர்த்து அது பேசியது அதுவே முதல் தடவை. அருள்மொழிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அது சந்தோஷமா வேறு எதுவுமா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. பூமாலைக்கு வாய் அசைந்தது தெரிந்தது, என்ன கேட்டது என்று தெரியவில்லை. அவள் பார்வை குழந்தையின் கைக்குப் போனது. அருள்மொழி அதைக் கவனித்தாள். அவளே, ஒரு வருஷமாக அந்தக் கையைப் பிடித்துப் பிடித்து இறக்கியவளே, தன் பிடியை விட்டாள். ஆட்டிக்கொள்ளட்டும் என்று விட்டாள்.

விட்ட கை கீழேயே தொங்கியது. குழந்தை அத்தையின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது, பதில் அங்கேயிருந்து வரும் என்று.

பூமாலை கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தாள். அப்புறம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலை விட்டு இறங்கினாள்.